சந்திகளில் நின்ற எங்கள் பிரிவு

எங்கள் இராணுவப் பிரிவை வேறொரு பெரிய பிரிவோடு சேர்க்கப் போகிறார்கள் என்று அறிவித்த அன்றே அதன் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பயிற்சி முடிந்து எல்லோரும் சப்பாத்துகளில் இருந்த சேற்றைத் தட்டிக்கொண்டிருந்த நேரம், எங்கள் பொறுப்பதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டார். வாரநாட்களில் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை சொல்லிக்கொடுப்பவர். பெரிய கைகள், சின்னக் குரல்.

“பிரிகிற அன்றைக்கு எல்லோர் கையிலும் ஒரு சின்னப் புத்தகமாவது கொடுக்க வேண்டும்,” என்றார். “நீ நூலகத்தில் வேலை செய்கிறாய். உனக்கு எழுத வரும். அதோடு தனியாகத்தானே இருக்கிறாய், நேரமும் இருக்கும்.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மற்றவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், மலையில் திருத்தி முடிக்காத மரவீடுகள் இருந்தன, சனிக்கிழமைகளில் கால்பந்துப் போட்டிகள் இருந்தன. எனக்கு ஒஸ்லோ நகரின் ஓரத்தில், அம்மருட்டில், ஓர் அறையும் சமையல் மூலையும் உள்ள வீடு இருந்தது. சரி என்றேன். வீட்டுக்குப் போகும் ரயிலில் அவர் சொன்னதில் கடைசிப் பகுதி மட்டும் காதில் கிடந்து சுற்றியது.

நாங்கள் நோர்வேயின் ரிசர்வ் படையின் இராணுவப் பொலிஸ். அப்படிச் சொன்னால் பலருக்கு விளங்குவதில்லை. கட்டாயச் சேவைக் காலத்தில் இராணுவப் பொலிஸாகப் பயிற்சி பெற்று, பிறகு வீட்டுக்குப் போய் வேறு தொழில் பார்ப்பவர்கள் நாங்கள். பேருந்து ஓட்டுநர், தாதி, மின்வேலைக்காரர், தச்சு ஆசிரியர். வருடத்தில் சில நாட்கள் கூப்பிடுவார்கள். போய், இராணுவ வாகனங்கள் போகும் தெருக்களில் நின்று வழிகாட்டுவோம். பயிற்சியில் பிடிபட்ட கைதிகளாக நடிப்பவர்களைக் காவல் காப்போம். குடித்துவிட்டுக் குழப்படி செய்யும் எங்கள் ஆட்களையே அடக்குவோம். படையினருக்கும் எங்களைக் கண்டால் பெரிய விருப்பமில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் போய் உட்காரும் மேசையில் பேச்சு சற்றுக் குறையும்.

நான் பிறந்தது ஒஸ்லோவில். வளர்ந்தது வெஸ்ட்லியில், ரயில் பாதை முடிகிற இடத்து அடுக்குமாடியில். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அம்மா இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். பெண்களையும் கட்டாயச் சேவைக்கு எடுக்கத் தொடங்கிய பிறகு எனக்கும் அழைப்பு வந்தது. அம்மா அதை இரண்டுமுறை வாசித்தார். பிறகு, “சட்டமெண்டால் போகத்தானே வேணும்,” என்றார். சேவை முடிந்து ரிசர்வில் சேர்த்தபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

“முடிஞ்சுதெண்டெல்லோ சொன்னனி? இனியும் ஏன் கூப்பிடினம்?”

“எல்லாரையும் கூப்பிடுறவை அம்மா. வருசத்திலை கொஞ்ச நாள்தான்.”

“கூப்பிட்டால் போ. ஆனால் அந்த உடுப்போடை இந்த வாசலுக்கு வராதை.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தாயிடம் இராணுவ உடுப்பு ஏன் பிடிக்காது என்று கேட்க எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? உடுப்புப் பையை அம்மருட்டில், நிலக்கீழ் அறையில் பூட்டி வைத்தேன். பயிற்சிக்குப் போகும் நாட்களில் அம்மாவுடன் ரெலிபோனில் கதைத்தால், “வேலையோ?” என்பார். “ஓம்” என்பேன். அந்த நாட்களுக்கு எங்களிடம் வேறு சொல் இருக்கவில்லை.

வரலாறு எழுத உட்கார்ந்தபோது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. முகாமில் இருந்த பழைய படங்களையும் கூட்டக் குறிப்புகளையும் நான்கு பெட்டிகளில் தந்தார்கள். போர் இல்லை, வீரச்செயல் இல்லை. பனிப்போர்க் காலத்தில், எதிரி வடக்கிலிருந்து வந்தால் ஒஸ்லோவின் தெருக்களில் வாகனங்கள் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக உருவான பிரிவு. எதிரி வரவில்லை. அவர்கள் சந்திகளில் நின்று பழகினார்கள். மழையில் நின்றார்கள், பனியில் நின்றார்கள். படங்களில் ஒவ்வொருவரும் வெவ்வேறு முனையில், ஒருவரையொருவர் பார்க்க முடியாத தூரத்தில், கையை உயர்த்தியபடி நிற்கிறார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்குமாக ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் இருந்திருக்கிறது. குளிரில் அது கிளம்பாது. தள்ளிக்கொண்டு ஓடுகிற படம் ஒன்றில் மட்டும்தான் எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

உயிரோடு இருந்த பழைய ஆட்களுக்கு ரெலிபோன் எடுத்தேன். ஒருவர் தன்னை “மறந்துபோன கைதி” என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். ஒரு பயிற்சியில் அவரை எதிரிப் படைக் கைதியாக நடிக்கச் சொல்லி, தூரத்துப் பண்ணை ஒன்றின் வைக்கோல் கொட்டகையில் இருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். பயிற்சி முடிந்தது. எல்லோரும் வாகனம் ஏறி வீட்டுக்குப் போனார்கள். கொட்டகையை ஒருவரும் நினைக்கவில்லை. மறுநாள் காலை பண்ணைக்காரன் கதவைத் திறந்தபோது அவர் உள்ளே அப்படியே இருந்தாராம்.

“கதவு பூட்டியிருந்ததா?” என்று கேட்டேன்.

“இல்லை.”

“அப்படியென்றால் ஏன் வெளியே வரவில்லை?”

அவர் சிரித்தார். இந்தக் கதையைப் பலமுறை சொல்லிச் சிரித்துப் பழகிய சிரிப்பு. அது முடிந்த பிறகு சற்று மெல்லச் சொன்னார்: “யாராவது என்னைத் தேடுவார்கள் என்று நினைத்தேன்.”

அதை எழுதட்டுமா என்று கேட்டேன். சிரிப்பு வரை மட்டும் எழுதச் சொன்னார்.

பெட்டியில் இருந்த ஒரு படத்தில் ஒரே ஒரு பெண் நின்றாள். பெண்கள் விரும்பினால் மட்டும் படையில் சேரலாம் என்றிருந்த காலம். பின்பக்கத்தில் யாரோ “எங்கள் முதல் பெண்” என்று எழுதியிருந்தார்கள். விசாரித்தபோது அவர் எண்ணெய்க் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மேற்குக் கரையில் ஸ்தவாங்கரில் இருப்பதாகத் தெரிந்தது. ரெலிபோனில் கதைக்க மாட்டேன் என்றார். விருப்பமென்றால் வா என்றார். ஒரு வார இறுதியில் பகல் முழுவதும் ரயிலில் இருந்து போனேன்.

கடல் தெரியும் வீடு. தனியாக இருந்தார். கோப்பியும் அப்பமும் மேசையில் தயாராக இருந்தன. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“உன்னை எந்தப் படத்தில் போடப் போகிறார்கள்?”

எனக்கு விளங்கவில்லை.

“என்னை முதல் பெண் என்று போட்டார்கள். உன்னை முதல் என்னவென்று போடுவார்கள்?”

என்னை ஏற்கெனவே போட்டிருந்தார்கள். நான் சேர்ந்த வருடம் படையின் சஞ்சிகை ஒன்றில் என் படம் வந்தது. கீழே பெற்றோரின் நாட்டைக் குறிப்பிட்டு, அந்தப் பின்னணியில் இருந்து வந்த முதல் ஆள் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. அம்மாவிடம் காட்ட முடியாது என்பதால் ஒருவரிடமும் காட்டவில்லை.

அவர் என்னிடம் தன் வருடங்களைச் சொன்னார். பெண்களுக்குத் தனி அறை இல்லாததால் பயிற்சி நாட்களில் வாகனத்துக்குள் படுத்ததை, குளிர்தாங்காமல் சுடுதண்ணீர்ப் போத்தலைக் கட்டிக்கொண்டதை. ஆண்கள் ஒருவரும் அவரிடம் கெட்டவிதமாக நடக்கவில்லை. “மிகவும் மரியாதையாக இருந்தார்கள். நான் உள்ளே போனால் பகிடி விடுவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு மரியாதை,” என்றார். பிறகு பெரிய வெள்ளப் பெருக்கு ஒன்றில் பாலம் உடையும் முன் வாகனங்களை மறித்துத் திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னார். எந்தக் குறிப்பிலும் அது இல்லை.

“அதை எழுது. முதல் பெண் என்று எழுதாதே,” என்றார் வாசலில் வைத்து. “எத்தனையோ வருடம் அங்கே நின்றேன். கேட்க வருகிற எல்லோரும் முதல் நாளைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.”

திரும்பி வரும்போது ரயிலில் என் பக்கத்து ஆசனம் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது. யாராவது வந்து இருந்திருந்தால் அன்று நான் கதைத்திருப்பேன்.

எங்கள் பிரிவின் கடைசிப் பயிற்சி வந்தது இலையுதிர் காலத்தில். ஒஸ்லோவுக்கு வெளியே, காட்டுக்கும் வயல்களுக்கும் நடுவே போகும் ஒரு தெருவில் என்னை நிறுத்தினார்கள். இராணுவ வாகன வரிசை குறுக்குத் தெருவால் வந்து இந்தத் தெருவைக் கடக்க வேண்டும். அது கடக்கும்வரை பொதுமக்களின் வாகனங்களை மறிப்பது என் வேலை. மஞ்சள் மேலங்கி, கையில் இராணுவப் பொலிஸ் பட்டை, தலையில் கவசம். மறுமுனையில் நின்ற என் தோழரை வளைவு மறைத்திருந்தது. வானொலிக் கருவியில் குரல் மட்டும் வந்தது.

முதலில் வந்த காரை நோக்கிக் கையை உயர்த்தினேன். கார் நின்றது. உள்ளே வயதான ஓர் ஆணும் பெண்ணும். முன் கண்ணாடியில் தொங்கிய சின்னப் பிள்ளையார் படத்தைப் பார்த்தவுடன் தமிழர் என்று தெரிந்துவிட்டது. ஆனால் நான் ஒன்றும் சொல்லும் முன்பே அந்தப் பெண் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார். ஜன்னல் கண்ணாடி இறங்கியது. அவருடைய கை வெளியே வந்தது. அதில் அடையாள அட்டை.

ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் யாரிடமும் அடையாள அட்டை கேட்க எனக்கு அதிகாரமும் இல்லை.

“வேண்டாம்,” என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். கை அப்படியே இருந்தது. குனிந்து தமிழில் சொன்னேன்:

“அன்ரி, ஒண்டும் காட்டத் தேவையில்லை. ஆமி வாகனங்கள் இதாலை போகப்போகுது. போனாப்பிறகு நீங்கள் போகலாம்.”

தமிழைக் கேட்டால் முகம் மலரும் என்று நினைத்தேன். இல்லை. அவர் என் கவசத்தைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கை இன்னும் உள்ளே போகவில்லை. சாரதி ஆசனத்தில் இருந்த ஐயாதான் கேட்டார்:

“தமிழ்ப் பிள்ளையோ?”

“ஓம் மாமா.”

“அப்பா அம்மா எவடம்?”

ஊரின் பெயரைச் சொன்னேன். வாகனங்கள் வரத் தொடங்கின. நிலம் அதிர்ந்தது. பச்சை நிறப் பெரிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக, நான் கையை உயர்த்தியபடி காரில் இருந்தவர்களுக்கு முதுகு காட்டி நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா கண்ணை மூடியிருந்தார். கடைசி வண்டி போனதும் நான் விலகி, போகலாம் என்று கை காட்டினேன். கார் மெல்ல என் அருகே வந்தது. அப்போதுதான் அவர் முதன்முதலாக வாய் திறந்தார்.

“கொம்மாவுக்குத் தெரியுமோ, நீ இஞ்சை நிக்கிறது?”

“ஓம் அன்ரி. அம்மாவுக்குத் தெரியும்.”

அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கார் போனது. வானொலியில் தோழரின் குரல் வந்தது: “உன் பக்கம் ஏதாவது சம்பவம்?” நான், “சம்பவம் எதுவும் இல்லை,” என்றேன். அதுதான் சொல்ல வேண்டிய பதில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட்லிக்குச் சாப்பிடப் போனேன். அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது ரெலிபோன் அடித்தது. கையில் கறி பட்டிருந்ததால் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்துவிட்டுக் கதைத்தார். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்தான். கோயில் விசயம், யாருக்கோ அறுவைச் சிகிச்சை, இப்படிப் போய்க்கொண்டிருந்த கதை திடீரென்று திரும்பியது.

“கேள்விப்பட்டனீங்களே? எங்கடை பிள்ளை ஒண்டு ஆமி உடுப்போடை றோட்டிலை நிண்டு வாகனம் மறிச்சதாம். பெட்டைப் பிள்ளை. உங்கடை ஊராம். ஆற்றை பிள்ளையெண்டு தெரியுமோ?”

அம்மா கறிக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியாது,” என்றார். “எங்கடை ஊரிலை இருந்து கனபேர் வந்திருக்கினம்.”

நான் அந்த மேசையில் அவருக்கு முன்னால் இருந்தேன். ஒரு கை நீட்டினால் தொடும் தூரம். மற்றப் பெண் இன்னும் ஏதேதோ சொன்னாள். அந்தப் பிள்ளையின் தாய் என்ன மாதிரி வளர்த்திருப்பாள் என்பதும் அதில் ஒன்று. அம்மா “ம்” சொன்னார். கதைத்து முடித்து, கையைக் கழுவி, வந்து உட்கார்ந்து, “குழம்பு காணுமோ?” என்று கேட்டார்.

“காணும், போதும்,” என்றேன்.

சாப்பிட்டு முடித்தேன், பாத்திரம் கழுவினேன், சப்பாத்துப் போட்டேன். அதற்குப் பிறகு பல வாரங்கள் வெஸ்ட்லிக்குப் போகவில்லை. சண்டை இல்லை. அம்மா ரெலிபோன் எடுப்பார். வேலை கூட என்பேன். அவரும் கேட்கமாட்டார். நூலகத்தில் இருந்து வருவேன், சூப் சுடவைப்பேன், பழைய படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு எழுதுவேன். மழை தொடங்கிவிட்டது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. சந்திகளில் கையை உயர்த்தி நிற்கும் அந்த ஆண்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அந்த வாரங்களில் நான் அதிகம் பார்த்த முகங்கள் அவைதான்.

இராணுவத்தில் என்னுடன் நின்றவர்களிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்ல வேண்டுமென்றால் முதலில் யாழ்ப்பாணத்தைச் சொல்ல வேண்டும், சோதனைச் சாவடிகளைச் சொல்ல வேண்டும், பிறகு அம்மாவைச் சொல்ல வேண்டும். அவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் கோப்பி இடைவேளை முடிந்துவிடும். என் வயதுத் தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல்லலாம் என்றால், அவர்களிடம் நான் ரிசர்வில் இருப்பதையே சொன்னதில்லை.

அதனால் எழுதினேன். வெள்ளத்தில் பாலத்தடியில் வாகனங்களைத் திருப்பிய பெண்ணைப் பற்றி, முதல் என்ற சொல் இல்லாமல் ஒரு பக்கம். கொட்டகையில் இருந்த கைதி, அவர் கேட்டபடி சிரிப்பு வரை. கொரோனாக் காலத்தில் சுவீடன் எல்லையில் பொலிஸாருக்கு உதவியாகக் காட்டுப் பாதைகளில் நின்ற எங்கள் ஆட்கள். கடைசியாக அந்தத் தெரு. நான் என்று எழுதவில்லை. தன் வேலையாக நின்ற ஒருவர் ஒரு காரை மறித்தார், காரில் இருந்த பெண் யாரும் கேட்காமலே அடையாள அட்டையை நீட்டினார், வேண்டாம் என்று சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை. அவ்வளவுதான். நாலைந்து வரிகள்.

பொறுப்பதிகாரி வாசித்துவிட்டு ரெலிபோன் எடுத்தார்.

“எல்லாம் நன்றாக இருக்கிறது. கடைசிப் பகுதி மட்டும்... அதை வைத்திருக்க வேண்டுமா? சம்பவம் எதுவும் நடக்கவில்லையே.”

“இதுதான் நடந்தது,” என்றேன்.

அவருக்குப் பின்னால் மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்று நிற்கும் சத்தம் கேட்டது.

“அந்தச் சந்தியில் நின்றது நீதானே?”

“ஆமாம்.”

“அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?”

மேசையில் கிடந்த படங்களை அடுக்கத் தொடங்கினேன். அவரும் விட்டுவிட்டார். “சரி, இருக்கட்டும்,” என்றார்.

பிரியாவிடை ஒரு சனிக்கிழமை மதியம் முகாம் மண்டபத்தில் நடந்தது. எல்லோரும் குடும்பத்தோடு வந்தார்கள். பெயர் எழுதி வைத்த கதிரைகளில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் விருந்தினருக்கென்று இன்னொரு கதிரை. என் பக்கத்துக் கதிரையில் எல்லோரும் தங்கள் மேலங்கிகளைக் குவித்தார்கள். ஆட்டிறைச்சியும் முட்டைக்கோவாவும் போட்ட கறி பரிமாறினார்கள். பேச்சுகள் நடந்தன. புத்தகம் கைக்குக் கை போனது. மக்கள் முதலில் தங்கள் படத்தைத் தேடினார்கள். பிறகு மூடி வைத்தார்கள். அது இயல்புதான். ஒரு முதியவர் மட்டும் கடைசிப் பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். பழைய ஆட்களில் ஒருவர்.

“அவள் ஏன் அட்டையை நீட்டினாள்?” என்று கேட்டார்.

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். “அவர்கள் வந்த நாட்டில்...” என்று ஆரம்பித்தபோதே அவருடைய மனைவி மேலங்கியைக் கொண்டுவந்து நீட்டி, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றார். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். குவியலில் இருந்து மேலங்கிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் என் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அம்மா. கையில் இடியப்பமும் சொதியும் நிரப்பிய பெட்டிகள். ரயிலில் சில தரிப்புகள்தான். இருந்தும், அவர் சொல்லாமல் வந்தது அதுவே முதல் தடவை.

“நீ வரேல்லை. அதுதான் நான் வந்தனான்,” என்றார்.

மேசையில் இருந்த புத்தகத்தைக் கண்டார். எடுத்து வைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அம்மா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் இத்தனை வருடம் வேலை செய்கிறார். நோர்வேஜிய மொழியை மெதுவாகத்தான் வாசிப்பார், ஆனால் விளங்கும்வரை விடமாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைத் திருப்பினார். நான் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் இருந்தார். விரல் வரிக்குக் கீழே நின்றது.

“உண்மையாத்தான் ஐடியை நீட்டினவவோ?”

“ஓம்.”

“நீ வாங்கினனியோ?”

“இல்லை அம்மா. வேண்டாமெண்டு சொன்னனான்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். தேத்தண்ணியை எடுக்கவில்லை.

“கலியாணத்துக்கு இஞ்சை வாறதுக்கு முன்னம் நான் கொழும்பிலை நிண்டனான், விசாவுக்கு. ஒருநாள் றோட்டிலை மறிச்சிட்டாங்கள். பொம்பிளையளைச் சோதிக்க சாக்காலை மறைச்ச ஒரு சின்ன இடம். உள்ளை ஒரு ஆமிக்காரப் பெட்டை. என்ரை வயசுதான் இருக்கும். என்ரை பையிலை கூறைச்சீலை இருந்தது. அதை விரிச்சுப் பாத்தவள். பிறகு அவளே மடிச்சு வைச்சவள். நான் வைச்சிருந்த மாதிரியே, ஒழுங்கா மடிச்சவள். வைச்சிட்டு என்னட்டை ஏதோ சொன்னவள்.”

“என்ன சொன்னவ?”

“எனக்குச் சிங்களம் தெரியாது. பேசினவளோ, வாழ்த்தினவளோ, மன்னிப்புக் கேட்டவளோ, தெரியாது. நான் அவளைப் பாத்த பார்வை மட்டும் எனக்குத் தெரியும். அப்பிடி ஒரு பார்வையை நான் வேறை ஒருத்தரையும் பாத்ததில்லை. அவள் தலையைக் குனிஞ்சிட்டாள்.”

வெளியே கீழ்த்தளத்துப் பிள்ளைகள் ஏதோ கத்திக்கொண்டு ஓடினார்கள். அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

“நீ உந்த உடுப்பைப் போட்ட நாளிலை இருந்து எனக்கு அவளின்ரை முகம்தான் வருது. உன்னையும் ஆரோ அப்பிடிப் பாப்பினம் எண்டு. பிறகு அவ ரெலிபோனிலை கேக்கேக்கை... எனக்கு வாய் வரேல்லைப் பிள்ளை. நீ முன்னாலை இருந்தது தெரிஞ்சும் வாய் வரேல்லை.”

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கட்டிப்பிடிக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவருடைய தோள் என் தோளில் பட்டது.

“அவ சொன்னது இப்பவும் ஞாபகம் இருக்கோ? அந்தச் சொல்லு?”

“கனவருசம் சத்தம் காதுக்கை இருந்தது. ஆரிட்டையாவது கேப்பம் எண்டு நினைச்சனான். ஆரிட்டைக் கேக்கிறது? இப்ப அதுவும் மறந்துபோச்சு.”

பின்னேரம் அம்மாவை நிலையம்வரை கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் காற்று அடித்தது. அவர் கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்:

“புதுப் பிரிவிலையும் உன்னை றோட்டிலைதான் விடுவினமோ?”

“ஓம். அதுதானே எங்கடை வேலை.”

“தனியவோ?”

“தனியத்தான். மற்றவை தூரத்திலை நிப்பினம்.”

ரயிலின் விளக்கு வளைவில் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தபடியே சொன்னார்:

“மறிச்சால், ஏன் மறிக்கிறாய் எண்டு அவைக்கு விளங்கிற பாசையிலை சொல்லு.”

கதவுகள் திறந்தன. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்தார். கையசைக்கவில்லை. அவர் ஒருபோதும் கையசைப்பவர் இல்லை. ரயில் வெஸ்ட்லிப் பக்கம் போனது.

அந்தக் கதையை நாங்கள் பிறகு எடுத்ததில்லை. அன்று கதைத்த பெண்ணுக்கு அம்மா திரும்ப ரெலிபோன் எடுத்து உண்மையைச் சொன்னாரா என்பதும் எனக்குத் தெரியாது. நான் இப்போது புதுப் பிரிவில் இருக்கிறேன். ஆட்கள் அதிகம், முகங்கள் இன்னும் பழகவில்லை. போன பயிற்சியில் நகரத்தின் கிழக்கே ஒரு சந்தியில் விட்டார்கள். ஈரப்பனி விழுந்தது. மறித்த ஒவ்வொரு காரின் ஜன்னலுக்கும் போய், ஏன் மறிக்கிறேன், எவ்வளவு நேரம் ஆகும் என்று குனிந்து சொன்னேன். பலருக்கு அது தேவைப்படவில்லை, ரெலிபோனைப் பார்த்தபடி தலையாட்டினார்கள். வாகன வரிசை கடந்து, கார்களும் போய் முடிந்த பிறகு, அடுத்த வரிசை வரும்வரை அந்தச் சந்தியில் நான் மட்டும் நின்றேன்.